தடுப்பூசி வரிசையில் யாரும் கேட்காத கேள்வி

எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. மற்ற நாட்களில் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்கள், காய்ச்சல், இருமல், நாய்க்கடி. எந்த நாள் போனாலும் அந்தத் திண்ணையிலும் பெஞ்சிலும் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தனக்காக வந்திருப்பாள், இல்லாவிட்டால் பிள்ளைக்காக, மாமியாருக்காக.

அந்த இடத்தில் அவளுக்கு எல்லாம் பார்க்கிறார்கள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, குழந்தையின் தலைச்சுற்றளவு வரை. கர்ப்பத்தைப் பதிவு செய்ததற்கான பிக்மி எண் இருக்கிறதா, கணவரின் ஆதார் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கிறார்கள். "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெண்களின் மனநலத்தைப் பார்க்க வேண்டிய முதல் இடம் இந்த பி.எச்.சி.தான் என்பது என் உறுதியான எண்ணம். மாவட்டத் தலைநகரில் இருக்கும் மனநலப் பிரிவு அதற்கு அடுத்த படி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி மகளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. பிரசவம் சுகமாகத்தான் நடந்தது. ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி போட அழைத்துப்போனபோது நானும் கூட இருந்தேன். ஊசி போட்டு முடித்ததும் அவள் மெதுவாக, "தூக்கமே வர மாட்டேங்குது சிஸ்டர், பாப்பா தூங்கினாலும் எனக்கு வரல" என்றாள். செவிலியர் நல்லவர்தான். வரிசையில் இன்னும் பத்து முப்பது பேர் நின்றார்கள். "கைக்குழந்தை இருந்தா அப்படித்தாம்மா இருக்கும், பால் நல்லா குடு, கீரை சாப்பிடு" என்று சொல்லி அடுத்த குழந்தையை வாங்கினார். பக்கத்திலிருந்த அத்தை, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு சாக்கு" என்றார். அவள் அதற்குப் பிறகு எங்கேயும் வாய் திறக்கவில்லை. பல மாதம் கழித்து, இளைத்து, பிள்ளையைத் தூக்கவே பிடிக்காமல் போன பிறகுதான் வேறொரு மருத்துவர் உட்காரவைத்து விசாரித்தார். சிகிச்சை கிடைத்தது, தேறினாள். ஆனால் அவள் அந்த ஒன்றரை மாதத்திலேயே சொல்லிவிட்டாளே என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்தவர்கள் பக்கத்துக் கிராமப் பகுதியான கணியம்பாடி ஒன்றியத்தில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2002-இல் வெளியானது. நூற்றுக்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று அவர்கள் கண்டதைப் படித்தால் நம் தெருவைப் பற்றியே எழுதியதுபோல் இருக்கும். வருமானம் குறைந்த வீடு. மகனை எதிர்பார்த்து மகள் பிறந்த வீடு. மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனத்தாங்கல் இருந்தவர்கள். கர்ப்ப காலத்தில் பெரிய துக்கத்தையோ இடியையோ சந்தித்தவர்கள். பிள்ளை பெற்ற பிறகு கூடமாட உதவிக்கு ஆள் இல்லாதவர்கள். பிற்பாடு 2017-இல் இந்தியா முழுவதும் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், பிரசவித்த பெண்களில் நூற்றுக்கு 22 பேர் வரை இந்தச் சோர்வில் இருப்பதாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருத்தி. தடுப்பூசி நாளில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை மனக்கண்ணில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சரி, அப்படியானால் அவர்கள் ஏன் மனநல மருத்துவரைப் பார்க்கப் போவதில்லை? போக முடியாது என்பதுதான் விடை. காலையில் வீட்டு வேலை முடித்து, கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி, ஓ.பி. சீட்டு வாங்கி, மதியத்துக்குள் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அன்றைய நூறு நாள் வேலைக் கூலி போகும். எங்கே போனாய் என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது? மனநலப் பிரிவு வாசலில் நிற்பதைச் சொந்தக்காரர் ஒருவர் பார்த்துவிட்டால் போதும், தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பது வரை பேச்சு போகும். ஆனால் பி.எச்.சி.க்குப் போவதை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அது அவள் வழக்கமாகப் போகிற இடம்.

இன்னொன்றும் இருக்கிறது. பெண்கள் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருவதில்லை. உடம்பைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நெஞ்சு படபடன்னு அடிக்குது, தலை பாரமா இருக்கு, கை கால் எரியுது, ஒரே அசதி, கிறுகிறுன்னு வருது, வெள்ளைப்படுது. கிடைப்பது சத்து மாத்திரை, ஒரு ஊசி, கொஞ்சம் வற்புறுத்திக் கேட்டால் ஒரு பாட்டில் குளுக்கோஸ். அடுத்த மாதம் திரும்ப வருவார்கள், அதே அசதியோடு.

வெள்ளைப்படுதல் பற்றிக் கோவாவில் நடந்த ஆய்வு ஒன்றை மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்பேன். மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்து, சோதனைக்கு மாதிரியும் எடுத்துப் பார்த்து, 2005-இல் வெளியிட்டார்கள். வெள்ளைப்படுகிறது என்று முறையிட்ட பெண்களை ஆராய்ந்தால், பலருக்குக் கிருமித் தொற்று எதுவும் இல்லை. தொற்றோடு இருந்த தொடர்பைவிட மனச்சோர்வு, பதற்றம், வீட்டில் படும் கஷ்டம் ஆகியவற்றோடு இருந்த தொடர்பு வலுவாக இருந்தது. நம் நாட்டில் இந்த முறையீட்டோடு வருகிற பெண்ணுக்கு வழக்கமாக என்ன நடக்கும்? பரிசோதனை செய்ய வசதி இல்லாத இடங்களில் அறிகுறியை மட்டும் கேட்டுத் தொற்றுக்கான மாத்திரை எழுதுவார்கள். சில சமயம் கணவனுக்கும் சேர்த்து. தொற்றே இல்லாதவளுக்கு அந்த மாத்திரையால் வயிற்று எரிச்சல் வரும், வீட்டில் சந்தேகம் வரும், உள்ளே இருக்கும் வேதனை அப்படியே இருக்கும். உண்மையில் தொற்று இருப்பவளைத் தவறவிடக் கூடாது, அதில் மறு பேச்சில்லை. அந்தச் சோதனையோடு கூடவே இரண்டு கேள்வி கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அந்த இரண்டு கேள்விகள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருப்பவைதான். நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "போன ரெண்டு வாரமா எதிலயும் ஒரு நாட்டம், ஒரு சந்தோஷம் இல்லாம இருக்காம்மா? மனசு சோர்ந்து, வெறுத்துப்போன மாதிரி இருக்கா?" இரண்டில் ஒன்றுக்கேனும் ஆமாம் என்று வந்தால் அடுத்த கட்டமாக ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. பிள்ளை பெற்றவர்களுக்கென்றே 1987-இல் உருவான எடின்பரோ அளவுகோலில் பத்துக் கேள்விகள். அதைத் தமிழில் வைத்து, நம் பெண்களிடம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கருவி தயாராக இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆள் வேண்டும்.

மனநல மருத்துவர்களே போதாத நாட்டில் ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். இதற்குப் பதில் பாகிஸ்தானில் இருக்கிறது. ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மான் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்துகாட்டிய வேலை அது. அங்கே வீடு வீடாகப் போய்த் தாய் சேய் நலம் பார்க்கும் பெண் சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள், ஏறக்குறைய நம் கிராம சுகாதாரச் செவிலியர் செய்யும் வேலையைச் செய்பவர்கள். அவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். மனச்சோர்வில் இருக்கும் கர்ப்பிணியைக் கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறை, பிள்ளை பிறந்த மாதத்தில் மூன்று முறை, அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை என்று பார்த்துப் பேச வேண்டும். அவளை வதைக்கும் எண்ணங்களைக் கண்டுபிடித்து, அதற்கு மாற்றாக ஒன்றை நினைக்கவும் செய்யவும் பழக்க வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் வீட்டுக்குள் நுழைந்த விதம். உங்கள் மருமகளுக்கு மனநோய், வைத்தியம் பார்க்க வந்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை. குழந்தை நன்றாக வளர வேண்டும், அதற்கு அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்று பேச்சை எடுத்தார்கள். இதை மறுக்கிற மாமியார் எந்த ஊரில் இருக்கிறார்? அவரையும் கணவனையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு கிராமங்களில் இந்தப் பயிற்சி பெறாத பணியாளர்கள் அதே எண்ணிக்கையில் வீடுகளுக்குப் போய் வந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்கள் போன இடங்களில் நூற்றுக்கு 23 தாய்மார்கள் மட்டும் இன்னும் சோர்வில் இருந்தார்கள். மற்ற இடங்களில் 53. கூடவே அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர்கள் கூடினார்கள். 2008-இல் வெளியான இந்த முறையை உலக சுகாதார நிறுவனமே பிற்பாடு கையேடாக வெளியிட்டது. நம்மைவிட வசதியான நாடு ஒன்றின் கதையாக இருந்தால் அங்கே பணம் இருக்கிறது என்று தள்ளிவிடலாம். இதை அப்படித் தள்ள முடியாது.

நம் நாட்டிலேயும் உதாரணம் இருக்கிறது. மறுபடியும் கோவாதான். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தனியார் மருத்துவர்களின் கிளினிக்குகளிலும் சாதாரணப் பெண்களைப் பயிற்றுவித்து ஆலோசகராக உட்காரவைத்தார்கள். ஓ.பி.க்கு வருகிறவர்களிடம் கேள்வித்தாள் வழியாக விசாரித்து, சோர்விலோ பதற்றத்திலோ இருப்பவர்களோடு பேசுவது அவர்கள் வேலை. தேவைப்பட்டால் மட்டும் அங்கிருக்கும் மருத்துவர் மாத்திரை தருவார், அதையும் மீறினால் மனநல மருத்துவர் வருவார். அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 66 பேர் தேறினார்கள். ஆலோசகர் இல்லாத அரசு நிலையங்களில் 42 பேர்தான். தனியார் கிளினிக்குகளில் வித்தியாசம் தெரியவில்லை. ஏழைப் பெண்கள் நம்பி வருகிற அரசு நிலையத்தில்தான் இந்த ஏற்பாட்டுக்கு அதிகப் பலன் என்பதை 2010-லேயே காட்டிவிட்டார்கள். ஜிம்பாப்வேயில் ஹராரே நகரச் சுகாதார நிலையங்களின் வளாகத்தில் மர பெஞ்சு போட்டுப் பாட்டிகளை உட்காரவைத்துப் பேசவைத்த டிக்சன் சிபாண்டாவின் முயற்சியும் இந்த வழிதான். பக்கத்துக் கேரளத்தில் குடும்ப சுகாதார மையங்களிலேயே 'ஆஸ்வாசம்' என்ற பெயரில் மனச்சோர்வுக்கான கிளினிக் நடக்கிறது.

தமிழ்நாட்டில் தளம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாடு முழுவதும் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று நம் திருச்சி. இங்கே அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவிக்காகக் கர்ப்பிணிகள் பதிவு செய்துகொள்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகப் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் மகளிர் குழுவிலிருந்து வந்த நம் ஊர்ப் பெண்கள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். சுகர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் விட்டுவிட்ட ஐம்பது வயது அக்காவுக்கு உண்மையில் வாழவே பிடிக்காமல் போயிருக்கலாம் என்பதை அந்தத் தன்னார்வலரைவிட யார் முதலில் கண்டுபிடிக்க முடியும்?

பிள்ளை பெற்றவர்களைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினேன். அந்த ஐம்பது வயதுக்காரர்களையும் மறந்துவிடக் கூடாது. மாதவிடாய் நிற்கிற காலம், பிள்ளைகள் வெளியூர் போன வெறுமை, கணவனை இழந்தவர்கள், படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர்கள். பிரசவத்தோடு பெண்ணின் மனநலம் முடிந்துவிடுவதில்லை. திட்டங்கள் மட்டும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன.

இனி எனக்கு இருக்கும் பயங்களைச் சொல்கிறேன். முதலாவது, இதை இன்னொரு பதிவேடாக்கிவிடுவார்கள் என்பது. கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் எத்தனை நோட்டு எழுதுகிறார், எத்தனை செயலியில் பதிவேற்றுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் தலையில் இதையும் கட்டினால், வீட்டுக்குப் போகாமலேயே எல்லோருக்கும் 'இல்லை' என்று கட்டம் நிரப்பப்படும். அதற்கு அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கேள்வியைச் செவிலியரோ தன்னார்வலரோ கேட்கலாம். பேச உட்காருவதற்கு ஒவ்வொரு பி.எச்.சி.க்கும் சம்பளத்தோடு ஓர் ஆலோசகர் வேண்டும். கோவாவில் பலன் கிடைத்ததற்குக் காரணம் அந்த வேலைக்கென்றே ஆள் இருந்ததுதான்.

இரண்டாவது, பேசத் தனிமை கிடைக்காது என்பது. மாமியார் பக்கத்தில் நிற்க, வரிசையில் பின்னால் இருப்பவர் காது கொடுக்க, எந்தப் பெண் ஆமாம் என்பாள்? எடை பார்க்கிற மறைவிடத்தில், துணைக்கு வந்தவர்களை "நீங்க வெளிய இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். பதிலை வீட்டார் புரட்டிப் பார்க்கிற தாய் சேய் அட்டையில் எழுதவே கூடாது.

செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்கப் பலர் பயப்படுகிறார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்கிற பயம். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கேட்டவுடன் அழுது கொட்டிவிட்டு ஆறுதல் அடைகிறவர்களே அதிகம். ஆனால் கேட்டால் அதற்கடுத்து என்ன செய்வது என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கே யாரிடம் அனுப்புவது, யாரைக் கூட வைப்பது, மறுநாள் யார் போய்ப் பார்ப்பது என்பது முடிவாகாமல் கேள்வியை மட்டும் கேட்பது அநியாயம். பிரசவமான சில நாட்களில் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்று சொல்கிற பெண்ணை பி.எச்.சி.யில் வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது. அது ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வருகிற அவசர நிலை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், முடிந்தால் குழந்தையைப் பிரிக்காமல். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தரும் பிரிவு இருக்கிறது. நம் அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் அப்படி ஒன்று வர வேண்டும்.

மூன்றாவது பயம்தான் பெரியது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனோடு வாழ்கிற பெண்ணுக்கு மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவோமோ என்பது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கணவனின் வன்முறையைப் பார்த்தவர்கள். அவளுடைய சோர்வுக்குக் காரணம் அவளுடைய மூளையில் மட்டும் இல்லை. அந்த ஆலோசகருக்கு 181 உதவி எண்ணும், மாவட்டத்து ஒருங்கிணைந்த சேவை மையமும், இலவச சட்ட உதவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதேபோல் ரத்தச்சோகையும் தைராய்டும் சோர்வைக் கொண்டுவரும். நம் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தச்சோகை. எல்லாவற்றையும் மனசு என்று தள்ளுவதும் தப்பு, எல்லாவற்றையும் ரத்தம் என்று தள்ளுவதும் தப்பு. இரண்டையும் ஒரே மேசையில் பார்க்க முடிகிற இடம் என்பதால்தான் பி.எச்.சி.யைச் சொல்கிறேன்.

மாத்திரை தேவைப்படுகிறவர்கள் பயப்படாமல் சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பால் கொடுக்கிறாளே என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். செர்ட்ராலின் போன்ற மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே போகிறது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். எது யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் வேண்டாம். அந்த மாத்திரை பி.எச்.சி. மருந்தகத்திலேயே மாதாமாதம் கிடைக்க வேண்டும். ஒரு மாதம் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அவள் மறுமாதம் வர மாட்டாள்.

இதைப் படிக்கிறவர்களில் பி.எச்.சி. மருத்துவரோ செவிலியரோ இருந்தால் ஒரு வேண்டுகோள். அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற புதன்கிழமை, ஊசி போட்டு முடித்த பிறகு அரை மணி நேரம் குழந்தையோடு காத்திருக்கச் சொல்வீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் அம்மாக்களிடம் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். மற்றவர்கள், உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் தூக்கம் வரவில்லை என்று சொன்னால், கைக்குழந்தை இருந்தால் அப்படித்தான் என்று சொல்லிவிடாதீர்கள். குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளைப் பேச விடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், போகிற வழியில் அவளை எதுவும் குறை சொல்லாதீர்கள். இரவு நேரத்தில் யாரும் இல்லை என்று தோன்றினால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசுவார்கள்.